கறுப்பு வெள்ளையில் தெரிந்த லாஞ்ச்

படகுத்துறையில் அவரை எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். துறைமுக வாயிலுக்குள் அவர் படகை ஓட்டி வரும் அழகைப் பார்த்து யாரோ வைத்த பெயர். மற்ற படகுகள் சர்ரென்று நுழைந்துவிடும். இவர் வேகத்தைக் குறைத்து, வலதும் இடதுமாக ஒவ்வொரு மிதவையையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

“பொண்ணு பார்க்க வர்ற மாப்பிள்ளை மாதிரி வர்றான் பாரு” என்று டீசல் பங்க்காரர் சிரிப்பார்.

நிதானமும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவார். காரணத்தை மட்டும் சொல்லமாட்டார். வாயிலில் ஒரு பக்கம் சிவப்பு மிதவை, மறுபக்கம் பச்சை மிதவை. அவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறம். ஒன்று கூம்பு மாதிரி இருக்கும், இன்னொன்று டப்பா மாதிரி இருக்கும். அதை வைத்துத்தான் அவர் இத்தனை வருடமாக வழி பிடித்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது வயதில், கப்பல்களை இழுக்கும் இழுவைப்படகில் வேலை கேட்டுத் தேர்வுக்குப் போனபோதுதான் அவருக்கே அது தெரியவந்தது. நீச்சலில் முதல் ஆள், முடிச்சுப் போடுவதில் முதல் ஆள். கடைசியாக ஒரு டாக்டர், கலர் கலரான புள்ளிகளால் நிரம்பிய வட்டங்கள் உள்ள புத்தகத்தை விரித்து, “என்ன நம்பர்?” என்று கேட்டார். புள்ளிகள்தான் தெரிந்தன, நம்பர் தெரியவில்லை. அடுத்த பக்கத்திலும் அதே கதை. டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டு, “அடுத்த ஆள் வரலாம்” என்றார். வீட்டுக்கு வந்து, ‘ஆள் எடுத்து முடிச்சுட்டாங்களாம்’ என்று சொன்னவர்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே யாரிடமும் எடுக்கவில்லை. கட்டிய மனைவியிடம்கூட.

அந்த மனைவி தையல்காரி. அரக்கு நூல் வாங்கி வரச் சொன்னால் கரும்பச்சையோடு வந்து நிற்பார். “உங்க புத்தி எங்கதான் மேயுது?” என்று அவள் பொரிந்து தள்ளுவாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி கடைக்கு நடப்பார்.

படகு அவருக்கும் மைத்துனனுக்கும் பொது. ஆறு மீட்டர் நீளம், பின்னால் ஒரு எஞ்சின், தூண்டில் மீன்பிடிப்பு. வாயிலைத் தாண்டியதும் மைத்துனன் பின்னால் உட்கார்ந்து எஞ்சினைப் பிடித்துக்கொள்வான். நிதானம் முன்னால் உட்கார்ந்து ஃபிஷ் ஃபைண்டரைப் பார்த்து, மீன் எங்கே, பாறை எங்கே என்று சொல்வார். படகின் அடியில் இருக்கும் சின்னக் கருவி தண்ணீருக்குள் சத்தம் அனுப்பும், தரையிலோ மீனிலோ மோதித் திரும்புவதைத் திரையில் கோடாக வரையும். ஒன்பது வருடமாக இருந்தது ஒரு கறுப்பு வெள்ளைத் திரை. உப்புத் தண்ணீர் உள்ளே போய், ஒரு நாள் அது மொத்தமாகக் கண்ணை மூடிவிட்டது.

படகுச் சாமான் கடை குறுகலானது. கயிற்றுச் சுருள்களையும் எண்ணெய் டப்பாக்களையும் தாண்டி ஒருக்களித்துத்தான் உள்ளே போகவேண்டும். கடைக்காரம்மா மேஜைமேல் இரண்டு திரைகளை எடுத்து வைத்து, மாதிரிப் படம் ஓடவிட்டார். ஒன்று கலர். இன்னொன்று கறுப்பு வெள்ளை.

மைத்துனன் கலரைப் பார்த்ததும் மயங்கிவிட்டான். “மாமா! இதப் பாருங்க, வாணவேடிக்கை மாதிரி இருக்கு. இதான் நமக்கு. பேச்சே கிடையாது.”

“கலர்ல என்ன வசதின்னா, எதிரொலி பலமா இருந்தா சிவப்பு, குறைய குறைய மஞ்சள், பச்சை, நீலம்னு வரும். தரையில ஒட்டிக்கிட்டு இருக்கிற மீன்கூடத் தனியாத் தெரியும்” என்றார் கடைக்காரம்மா. பிறகு நிதானத்தின் பக்கம் திரும்பி, “இதுல மீன் எது, தரை எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்றார்.

நிதானம் குனிந்தார். திரை முழுவதும் சேறு கரைத்து ஊற்றியதுபோல இருந்தது. குத்துமதிப்பாக ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“அது தரை, மாமா!” மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“எனக்கு இந்தக் கறுப்பு வெள்ளையே போதும். பழகினது.”

“கைபேசியே கலர்ல வந்து எத்தனை வருஷமாச்சு! நீங்க இன்னும் கறுப்பு வெள்ளையில நிக்கிறீங்க.”

வாக்குவாதம் ஏறிக்கொண்டே போனது. கடைக்காரம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். “ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. சனிக்கிழமை ஒரு நாள் கடல்ல ஓட்டிப் பாருங்க. திங்கட்கிழமை ஒண்ணு எனக்குத் திரும்பி வந்தாகணும். ஆனா ரெண்டையும் ஒண்ணா ஓட்டாதீங்க. ஒண்ணு போடுற சத்தத்த இன்னொண்ணு கேட்டுக் குழம்பிடும். மாத்தி மாத்தி ஓட்டுங்க.”

சனிக்கிழமை தையல் கடைக்கு விடுமுறை. “தம்பியும் நீங்களும் அடிச்சுக்காம இருக்க நடுவுல ஒரு ஆள் வேணும்” என்று சொல்லி, அகலத் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு மனைவியும் படகில் ஏறிவிட்டாள்.

முதலில் கலர். கரையை விட்டு வெகுதூரம் வந்தபின் மைத்துனன் வேகத்தைக் குறைத்தான். நிதானம் திரைக்கு முன்னால் தேர்வு எழுதப் போகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

“இருபத்தாறு மீட்டர். வெறும் தரை” என்றார்.

மனைவி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “அந்தச் சிவப்புக் கோட்டுக்கு மேல பச்சையாக் குவிஞ்சு கிடக்கே, அது என்ன?”

“எங்க?”

“உங்க மூக்குக்கு நேரா!”

அதற்குள் படகு தாண்டிவிட்டது. மைத்துனன் வட்டமடித்துத் திருப்பினான். மீன் கலைந்து போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் நிதானம் “நிறுத்து, நிறுத்து! கூட்டமா இருக்கு” என்று கத்தினார். நங்கூரம் போட்டு, தூண்டிலும் இறக்கினார்கள். ஏறி வந்ததெல்லாம் பாசி. மூன்றாவது முறை பெரிய கூட்டம் ஒன்று திரையில் கடந்து போனதை மனைவி பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது. அப்போதும் நேரம் தப்பிவிட்டது.

மைத்துனனுக்குப் பொறுமை போய்விட்டது. “என்ன மாமா, உங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லையா?”

“டேய், வாயை அடக்கு” என்றாள் அக்கா.

“அவன் கேக்கட்டும்” என்றார் நிதானம். திரையிலிருந்து கையை எடுத்து முழங்காலின்மேல் வைத்துக்கொண்டார். “கண்ணு இருக்கு. ஆனா சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான். பொறந்ததுலேருந்து அப்படித்தான். மெஷின்மேல தப்பே இல்ல, மாப்ள. எனக்குத்தான் அது பிடிபடல.”

எஞ்சின் சும்மா இரைந்துகொண்டிருந்தது. இழுவைப்படகு வேலையையும், புள்ளி வட்டப் புத்தகத்தையும், மிதவைகளின் வடிவத்தையும் பற்றி அவர் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். சொல்லும்போது இருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

மனைவிதான் முதலில் பேசினாள். “அப்போ அந்த நூலு?”

“எல்லாம் அதனாலதான்.”

“இத்தனை வருஷம் என்கிட்ட திட்டு வாங்கிக்கிட்டு நின்னீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன பேயா பிசாசா?” அவள் கோபத்தில் படகின் விளிம்பில் ஓங்கித் தட்டினாள். சட்டென்று வேறேதோ நினைவு வந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “என் சிவப்புக் கல்யாணப் புடவையை ‘நல்ல பச்சை’ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க! நான் கேலி பண்றீங்கன்னு நெனச்சு மூணு நாள் பேசாம இருந்தேன்!”

சிரித்துச் சிரித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிதானத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மைத்துனன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து முன்னால் வந்தான், கலர்த் திரையின் இணைப்பைக் கழற்றினான், கறுப்பு வெள்ளையை மாட்டினான்.

“நான் பேசினது தப்பு, மாமா. இப்ப நீங்க பாருங்க. எங்க திரும்பச் சொல்றீங்களோ அங்க திரும்புறேன்.”

திரை விழித்துக்கொண்டதும் நிதானத்தின் முதுகு நிமிர்ந்தது. உச்சி வெயில் நேராக அதன்மேல் விழுந்தும் கோடுகள் கல்லில் செதுக்கியதுபோல நின்றன. நிறத்தை நம்பமுடியாத மனிதர் அவர். அதனாலேயே வாழ்நாள் முழுக்கக் கருமையின் அளவையும் ஓரங்களின் வடிவத்தையும் பார்த்தே பழகியவர்.

“சேறு” என்றார். கறுப்புக் கோட்டுக்கு அடியில் மெல்லிய சாம்பல் பட்டை; அது தடித்தால்தான் கீழே கெட்டியாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். “இன்னும் சேறு. மெதுவாப் போ. மேல அஞ்சாறு சின்ன மீன், அது வேண்டாம். கொஞ்சம் இடது பக்கம்.”

அரை மணி நேரம் அப்படியே போனது. திடீரென்று அவர் வலது கை உயர்ந்தது.

“நிறுத்து!”

சாம்பல் பட்டை மூன்று மடங்கு தடித்திருந்தது. தரைக்கோடு ஒரு மேடாக எழும்பி, மேலே தட்டையாக ஓடி, மறுமுனையில் செங்குத்தாக இறங்கியது. அதன்மேல் சின்னச் சின்னக் கறுப்புக் கீற்றுகள் அடை அடையாக அப்பிக்கொண்டிருந்தன.

“பாறையா?” என்றான் மைத்துனன்.

“பாறைக்கு இவ்வளவு நேரான ஓரம் இருக்காது. திரும்பி வா, குறுக்கால ஒரு தடவை போ.”

குறுக்கே போனபோது மேடு குட்டையாகத் தெரிந்தது. நெடுக்கே போனபோது நீளமாகத் தெரிந்தது. மூன்றாவது முறை தாண்டியதும் நிதானம் எழுந்து நின்றுவிட்டார்.

“மாப்ள, இது லாஞ்ச். மணல் லாஞ்ச்!”

பதினொரு வருடத்துக்கு முன்னால் மணல் ஏற்றி வந்த ஒரு லாஞ்ச், பெரிய சரக்குப் படகு, இந்தப் பக்கத்தில் மூழ்கியது. ஆட்களை இன்னொரு படகு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. லாஞ்ச் எங்கே போய் உட்கார்ந்தது என்று மட்டும் யாருக்கும் சரியாகத் தெரியாது. மூழ்கிய லாஞ்ச் மீன்களுக்கு மாளிகை மாதிரி. துறையில் பாதிப்பேர் அதைத் தேடிப் பார்த்துக் கைவிட்டவர்கள்.

மைத்துனனுக்கு நம்பமுடியவில்லை. “ஒரு நிமிஷம், கலர்லயும் பார்த்துடுறேன்” என்று திரையை மாற்றினான். வெயிலில் கலர் வெளிறிப் போயிருந்தது. அக்கா தொப்பியைக் கழற்றி நிழல் பிடித்தாள். தம்பியின் வாய் பிளந்தது. “ஆமா! சிவப்பா அப்படியே நிக்குது. மேல மஞ்சளா மீனு! மாமா, இருக்கு மாமா!”

கல் கட்டிய கயிற்றில் ஒரு மிதவையை இறக்கி அடையாளம் வைத்தார்கள். பிறகு தூண்டில். முதல் தூண்டில் தரையைத் தொடுவதற்கு முன்பே கயிறு விறைத்தது. மனைவி வாழ்க்கையில் தூண்டில் பிடித்தவளில்லை. இரண்டு கையாலும் இழுத்து, முழங்கை நீள மீன் ஒன்றைப் படகுக்குள் போட்டுவிட்டு, அது துள்ளியதில் தானும் ஒரு குதி குதித்தாள். “இன்னொண்ணு! இன்னொரு தூண்டில் குடுங்க!” மூன்று மணிக்குள் ஐஸ் பெட்டிகள் இரண்டும் மூடமுடியாமல் நிரம்பிவிட்டன. மிதவையை எடுத்துக்கொண்டு, இடத்தை மனதிலும் தாளிலும் குறித்துக்கொண்டு திரும்பினார்கள்.

துறைமுக வாயில் வந்ததும் நிதானம் பின்னால் போய் எஞ்சினை வாங்கிக்கொண்டார். “கூம்பு பச்சை, டப்பா சிவப்பு” என்று மைத்துனன் முன்னாலிருந்து குரல் கொடுத்தான்.

“தெரியும்டா. இத்தனை வருஷமா நீயா கூட்டிட்டு வந்தே?” என்றார் நிதானம்.

பெட்டிகள் இறங்கியதும் படகுத்துறையே கூடிவிட்டது. “எங்க பிடிச்சீங்க?”, “என்ன மெஷின்?” என்று ஆளுக்கொரு கேள்வி.

“எங்க மாமா கறுப்பு வெள்ளைத் திரையில கண்டுபிடிச்சாரு” என்று மைத்துனன் மார்தட்டினான்.

டீசல் பங்க்காரர் முகம் சுளித்தார். “இந்தக் காலத்துல எவன் கறுப்பு வெள்ளை வாங்குவான்?”

“நான் வாங்குவேன்” என்றார் நிதானம், எல்லோருக்கும் கேட்கும்படி. “எனக்குச் சிவப்பு, பச்சை பிரிச்சுப் பார்க்க வராது. கறுப்பும் வெள்ளையும் உங்க யாரையும்விட எனக்கு நல்லா வரும். பெட்டியப் பாருங்க, நம்பிக்கை வரும்.”

பங்க்காரர் தன் சட்டையை இழுத்துக் காட்டி, “அப்போ இது என்ன கலர்?” என்றார். அடுத்தவர் தன் லுங்கியைக் காட்டினார். இன்னொருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நிதானம் ஒவ்வொன்றுக்கும் சளைக்காமல் தப்புத் தப்பாகப் பதில் சொல்ல, துறையே அதிர்ந்தது. இருபத்தைந்து வருடம் பூட்டி வைத்திருந்ததைத் திறந்தால் உள்ளே இவ்வளவு சிரிப்பு இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை கலர்த் திரையைக் கடையில் கொண்டுபோய் வைத்தது மைத்துனன்தான். விஷயத்தைக் கேட்ட கடைக்காரம்மா, “அதுக்கென்ன, கலர்லயே நிறத்தை மாத்தி சாம்பலா வச்சுக்கலாமே” என்று பட்டனை அழுத்திக் காட்டினார். கூடவே வந்திருந்த நிதானம் அதையும், கையோடு கொண்டுவந்திருந்த கறுப்பு வெள்ளையையும் வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். சாம்பலாக்கிய கலர்த் திரை மங்கலாகத்தான் இருந்தது.

“இது நல்ல மெஷின், அம்மா. வீடு மாதிரி கூரை உள்ள படகுக்குக் குடுங்க. எங்க படகுல தலைக்கு மேல வானம்தான்.”

அடுத்த நாள் காலை அவர்கள் கிளம்பியபோது பின்னால் மூன்று படகுகள் கொஞ்சம் தள்ளி, ஒன்றும் தெரியாததுபோல வந்துகொண்டிருந்தன. ஒன்றில் பங்க்காரரின் தம்பி.

“லாஞ்ச் இடத்தை மோப்பம் பிடிக்க வர்றாங்க, மாமா. என்ன பண்றது?”

நிதானம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சாம்பல் பட்டை மறுபடி தடிக்க ஆரம்பித்திருந்தது, லாஞ்ச் இருந்த இடத்துக்கு ரொம்ப தூரம் முன்பே.

“வரட்டும் விடு” என்று சொல்லி, இடது கையை உயர்த்தினார். “கடல்ல இன்னும் என்னென்னவோ இருக்கு. திருப்பு.”