நாற்பத்தொன்றுக்குப் போட்ட பூட்டு

இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும். போன வாரம்தான் டாக்டர் பார்த்தார். நாக்கு நன்றாக இருக்கிறதாம்.

புள்ளிவிவர அலுவலகத்தில் எனக்கு வேலை. ரசாயனக் கிடங்கு எரிந்த வாரம் இறந்தவர் கணக்கு என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. மென்பொருளில் 'இறந்தோர்' என்று ஒரு பெயர், அதற்குள் ஒரு மதிப்பு: 41. அந்த மென்பொருளுக்குச் சூடு சொரணை கிடையாது. அதே பெயரில் வேறு எண்ணைத் தட்டினால், பழையதை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாது.

மேலதிகாரியை உருட்டு சார் என்போம். எந்த எண்ணையும் உருட்டிச் சின்னதாக்கிவிடுவார்.

"உடம்பு கிடைச்சது பத்தொன்பதுதான்யா. மீதி இருபத்திரண்டு பேர் வேலைக்கு வரல, அவ்வளவுதான். வராதவங்க கணக்குல தள்ளு."

"எரிஞ்சு சாம்பலானவன் எப்படி சார் வருவான்?"

"அப்ப லீவு லெட்டர் கொடுத்தானா?"

அந்த இருபத்திரண்டில் என் தங்கை புருஷனும் ஒருவர். அவள் அலுவலக வாசலுக்கே வந்து நின்றாள்.

"அண்ணா, அவரு செத்துட்டாருன்னு சொல்ல எங்கிட்ட இருக்கிறது அந்த நம்பர் ஒண்ணுதான். அதையும் குறைச்சிட்டா, நான் யாருக்காக அழறேன்?"

அன்று மத்தியானமே 'இறந்தோர்' பெயரைப் பூட்டினேன். அதற்கென்று ஒரு கட்டளை உண்டு. போட்டபின் மதிப்பை மாற்ற முடியாது. ஆனால் விஷமக்காரன் அந்தப் பெயரையே அழித்துவிட்டு, அதே பெயரில் புதிதாக ஒன்றை வைத்துவிடலாம். ஆகவே பெயர்கள் குடியிருக்கும் மொத்த இடத்துக்கும் இன்னொரு பூட்டு.

உருட்டு சார் வந்து 19 தட்டினார். 'பூட்டப்பட்டுள்ளது' என்றது திரை. அழிக்கப் பார்த்தார்; அதற்கும் அதே பதில். பிளக்கைப் பிடுங்கினார், திரை அணையவில்லை. கம்ப்யூட்டரை மாடியிலிருந்து தூக்கிப் போட்டார். நொறுங்கிய துண்டுகளைப் பொறுக்கி எண்ணினோம், நாற்பத்தொன்று. தப்பித்தோம் பிழைத்தோம் என்று லிஃப்டில் ஏறினார். நாலு மாடிக் கட்டடத்தில் அது நாற்பத்தொன்றாம் மாடியில் போய் நின்று கதவைத் திறந்தது. இறங்கி வந்தவர் சட்டையில் கரி நாற்றம். அங்கே யார் யார் நின்றார்கள் என்று கேட்டேன், குழாயடிக்குப் போய்ச் சட்டையை அலசினார். மறுநாள் அறிக்கையில் அவரே 41 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தங்கை அந்தப் பக்கத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அப்படியொரு கட்டளை உண்டென்று நான் தெரிந்துகொண்டது, அந்த வாரம் 41-ஐ அழித்து 19 என்று என் கையாலேயே தட்டிக் கொடுத்து எட்டு வருடம் கழித்து.