எப்போதிலிருந்து?

காது டாக்டரின் கிளினிக்கில் பதிமூன்று வருஷமாக டோக்கன் கொடுக்கிறவளுக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் இருக்கத்தானே செய்யும்? நோயாளிகளுக்கு அவள் 'டோக்கன் அக்கா'. தன் நினைப்பில் முக்கால் டாக்டர். ஃபோனில் யாராவது "திடீர்னு ஒரு காது அடைச்சிருக்கு" என்றால், "இன்னைக்கே வாங்க, தள்ளிப் போடாதீங்க" என்று அதட்டுவாள்.

அதையே வீட்டுக்காரர் சொன்னபோது மட்டும் அந்தப் புத்தி எங்கேயோ போய்விட்டது. அவர் மெக்கானிக். வண்டிச் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். ஒருநாள் காலையில் எழுந்ததும், "இடது காதுல ஒரே இரைச்சல். சரியா கேக்கவும் மாட்டேங்குது" என்றார்.

"பிரஷரா இருக்கும். அம்பது வயசாச்சுல்ல?"

அன்றிலிருந்து சாப்பாட்டில் பாதி உப்பு. பாவம், அவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார். ஒரு வாரம் கழித்து மெஷின் வைத்துப் பார்த்தாள். பிரஷர் சரியாக இருந்தது. தன் வைத்தியம்தான் என்று பூரித்துப்போனாள். கூப்பிட்டுப் பதில் வராதபோதெல்லாம், "நான் சொல்றதைக் காதுலயே வாங்கறதில்ல" என்று எரிந்து விழுந்தாள்.

நேற்று பட்டறையில், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாமல் நல்ல பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டார். ராத்திரி வந்து சொன்னார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இன்று கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் அவரைச் சோதித்துப் பார்த்தார். "காது நரம்பு பாதிச்சிருக்கு. எப்போலேர்ந்து?"

"பிரஷரா இருக்கும்னு நெனச்சு..." என்று இழுத்தாள்.

"இரைச்சலை வச்சு பிரஷர், சுகர்னு சொல்லிட முடியாதும்மா. அதையெல்லாம் தனியா அளந்து பாக்கணும். இது காதோட வியாதி. எப்போலேர்ந்து?"

"முந்தாநாள்லேர்ந்து சார்," என்று மெக்கானிக் முந்திக்கொண்டார். மனைவி வேலை பார்க்கிற இடத்தில் அவள் தலை குனியக் கூடாதாம்.

டாக்டர் முகம் தெளிந்தது. "அப்போ நல்ல வாய்ப்பு இருக்கு. சீக்கிரம் மாத்திரை ஆரம்பிச்சா கேக்கற சக்தி பெரும்பாலும் திரும்பும்," என்று எழுதத் தொடங்கினார்.

அந்தப் பொய்யின் நிழலில் ஒரு நிமிஷம் அவளும் ஒதுங்கிக்கொண்டாள். அதற்காகத் தன்மேல் வந்த அருவருப்பு தாங்கவில்லை.

"இல்ல சார். இருபது நாளாச்சு. மொத நாளே எங்கிட்ட சொன்னார். நான்தான் கூட்டிட்டு வரல."

டாக்டரின் பேனா நின்றது. மெக்கானிக் பேனாவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"என்ன சொன்னே?"

அவள் அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து, நாற்காலியைச் சுற்றி வலப்பக்கம் போய்க் குனிந்து, அதை முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.