கோதுமை என்று சொன்னேன்

டிலுசாவைப் பிள்ளைக்காக வைத்தியரிடம் அனுப்பப் போகிறேன் என்று மாமி சொன்னபோது, நான் பாடசாலைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். “நல்ல விஷயம் மாமி” என்றேன். சொல்லிவிட்டு, ஒரு பிள்ளை சரியாகச் செய்திருந்த கணக்குக்குப் பிழை போட்டேன்.

டிலுசா என் கணவர் அனிஸ்ரனின் தம்பி றொசானுடைய மனைவி. அவளுக்குத் திருமணமாகிப் பதினெட்டு மாதங்கள். எனக்கு எட்டு வருடங்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தபின், தண்ணீரூற்றில் ஒரே வளவில், கணவரின் தாய் தகப்பனோடு நாங்கள் எல்லோரும் இருந்தோம். ஆண்கள் நந்திக்கடலில் மீன்பிடித் தொழில் செய்தார்கள். நான் ஆசிரியையாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களுக்கு மறைக்கல்வியும் கற்பித்தேன்.

எனக்குப் பிள்ளை இல்லாததற்கு மாமி மடு மாதாவுக்கு மூன்று நேர்த்திகள் வைத்தார். வைத்தியரிடம் போகலாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. படித்த ஒரு பெண் அப்படி வாய்விட்டுக் கேட்பது பண்பல்ல என்று எண்ணியிருந்தேன்.

டிலுசாவுக்கோ நான்கு மாதங்கள் விலக்கு வராமல் இருந்தது. வயிற்றில் பிள்ளை என்று நினைத்து மாமி அவளுக்குத் தினமும் மீன் சொதி வைத்துக் கொடுத்தார். பிள்ளை இல்லை என்று தெரிந்த அன்று அவள் குசினிக்குள் இருந்து அயல் முழுவதும் கேட்க அழுதாள். அடுத்த கிழமையே மாமி அவளைச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார். எனக்கு அப்படிச் சத்தமாக அழத் தெரியாது.

வைத்தியர் சொல்வதைச் சரியாக விளங்கிக்கொண்டு வந்து சொல்வதற்காக என்னையும் கூட அனுப்பினார்கள். அந்த வைத்தியர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, வியாழக்கிழமைகளில் வருபவர். விலக்கு மாதம் தவறி வருகிறதா, நாடியில் மயிர் முளைக்கிறதா, உடம்பு வைக்கிறதா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். டிலுசா சிலவற்றுக்கு ஓம் என்றாள், சிலவற்றுக்கு இல்லை என்றாள். நான் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் மடியில் கைகளை வைத்தபடி, எல்லாவற்றுக்கும் மனதுக்குள் ஓம் என்றேன். ஆறு வருடங்களாக, வீட்டார் எழும்புவதற்கு முன்பே எழுந்து, கூடத்துக் கண்ணாடியில் பார்த்து, என் நாடி மயிரைச் சிறிய இடுக்கியால் பிடுங்கி வருகிறேன்.

சூலகத்தில் சிறிய நீர்க்கட்டிகள் இருக்கக்கூடும், இங்கே உள்ளே பார்க்கக் கருவி இல்லை, இரத்தம்தான் சொல்லவேண்டும் என்றார் வைத்தியர். விலக்கு வந்த மூன்றாம் நாள், வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கவேண்டும். வவுனியாவுக்கு வாகனம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போகும். அதிலுள்ள ஐஸ்பெட்டியில் ஆறு குழாய்களுக்குத்தான் இடம். விலக்கை வரவழைக்கப் பத்துக் குளிசைகள் எண்ணிக் கொடுத்தார்.

அவர் கேட்ட கேள்விகள் என்னுடையவை. என் வருத்தத்தை வேறொருத்தி என் கண்முன்னால் தன் பெயரில் எழுதிக்கொண்டு போவதுபோல் இருந்தது. “டொக்டர், எனக்கும்” என்ற இரண்டு சொற்கள் தொண்டைவரை வந்தன. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

டிலுசாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விலக்கு வந்தது. செவ்வாய் மூன்றாம் நாள் என்று மாமி விரல் மடித்து எண்ணிச் சிரித்தார். மாமியின் கணவர் பேதுரு மாமாகூட என்ன சங்கதி என்று கேட்டுத் தலையாட்டினார். எட்டு வருடங்களில் நான் விலக்கான எந்த நாளிலும் அந்த வீட்டில் ஒருவரும் சிரித்ததில்லை.

செவ்வாய் அந்தோனியாருக்குரிய நாள். பூசை கண்டு, நன்மை எடுத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று மாமி கட்டாயமாகச் சொல்லிவிட்டார். டிலுசா நாக்கை நீட்டி நற்கருணையை வாங்கினாள். அவளுக்குப் பின்னால் நின்று நானும் வாங்கினேன்.

அன்று இரத்தம் எடுத்தவர் பிரேமிளா என்ற தாதி. கிளிநொச்சிப் பக்கத்தில் குடியேறிய மலையகக் குடும்பத்துப் பெண். டிலுசாவின் பெயர் ஒட்டிய குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, காலையில் ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றாள் டிலுசா. அது உண்மை.

நான் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னேன்:

“மன்னிக்கவேணும் மிஸ். இவா காலமை பூசையில நன்மை எடுத்தவா. சொல்லாம விட்டாப் பிழையெல்லோ?”

“அது என்னங்க டீச்சர்? திங்கிறதா?”

டிலுசா சிரித்துவிட்டாள். “சாப்பாடு இல்லை மிஸ். அது ஆண்டவர்.”

பிரேமிளா என்னைப் பார்த்தார். முறைக்குக் காத்து வாங்கில் இருந்த பெண்களும் பார்த்தார்கள். முதல்நன்மைக்கு ஆயத்தமாகும் முப்பது பிள்ளைகளிடம் நான் ஞாயிறுதோறும் இதே கேள்வியைக் கேட்கிறேன். ஆண்டவரின் உடல் என்னாமல் அப்பம் என்று சொல்லும் பிள்ளையை எழுப்பி நிற்க வைக்கிறேன்.

“கோதுமை மாதான் மிஸ்” என்றேன்.

டிலுசாவின் சிரிப்பு நின்றது. பிரேமிளா வைத்தியர் எழுதிய துண்டைத் திருப்பித் திருப்பி வாசித்தார். வைத்தியர் வியாழக்கிழமைதான் வருவார். கேட்பதற்கு அங்கே வேறு யாரும் இல்லை.

“வெறும் வயிறுன்னு கோடு போட்டு எழுதியிருக்காரு. துளி மாவுன்னாலும் நான் எப்படிங்க கையெழுத்து வைக்கிறது?” என்றார். குழாயைப் பழைய இடத்தில் வைத்தார்.

நகம் போல மெல்லிய அந்த அப்பம் எந்த இரத்தத்தையும் மாற்றிவிடாது என்று, பிரேமிளாவைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அப்போதும் நான் அதைச் சொல்லவில்லை. ஐந்து குழாய்களோடு பெட்டியை மூடி வாகனத்தில் ஏற்றினார்கள். டிலுசா மறுபடியும் உள்ளே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தாள். என் சைக்கிளின் பின்னால் ஏறி இருந்தாள். வழியில், பொய்யான முடிவு வருவதைவிட இது நல்லது என்று நான் பலவிதமாக எடுத்துச் சொன்னேன். அவள் மேட்டில் இறங்கி வழக்கம்போல் சைக்கிளைத் தள்ளினாள்.

மாமி வாசல் படலையிலேயே நின்றார். நான் வாய் திறப்பதற்கு முன் டிலுசா சொன்னாள்:

“பெட்டியில இடம் இல்லையாம் மாமி. திருப்பியும் குளிசை தந்து, பிறகு எடுப்பினமாம்.”

மாமி பெட்டியைத் திட்டினார். வாகனத்தைத் திட்டினார். பிறகு அவளுக்கு முதலில் சோறு போட்டார்.

பின்னேரம் நான் கிணற்றடியில் நின்றபோது டிலுசா வந்து, நாலாக மடித்த ஒரு துண்டை நீட்டினாள். வியாழக்கிழமை வைத்தியரைக் காண்பதற்கான துண்டு.

“உங்கட பேரையும் குடுத்தனான்” என்றாள். “நானும் அந்தக் கண்ணாடியிலதானே அக்கா தலை இழுக்கிறனான். நீங்கள் பிடுங்கிப் போடுறதைக் கூட்டி அள்ளுறதும் நான்தான்.”

என் கை தானாகவே நாடிக்குப் போயிற்று.

“கோதுமையெண்டு சொன்னதை மட்டும் ஃபாதரிட்டச் சொல்லுங்கோ. மற்றதை நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.” வாளியைக் கிணற்றுக்குள் விட்டபடியே கேட்டாள்: “வருவியளோ?”

“ஓம்” என்றேன். அன்று வைத்தியரின் முன்னால் சொல்லியிருக்கவேண்டிய சொல். அவள் தண்ணீர் அள்ளிக்கொண்டு போனபின் துண்டை விரித்தேன். பிரேமிளாவின் சாய்ந்த எழுத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. மேலே டிலுசா றொசான். கீழே யசிந்தா அனிஸ்ரன்.

எட்டு வருடங்களில் முதன்முறையாக ஒருவர் எனக்காகக் கேட்டு எழுதி வாங்கி வந்த துண்டு அது. அதற்கு நான் அழுதிருக்கவேண்டும். ஆனால் என் பெயர் இரண்டாவதாக இருப்பதைத்தான் என் கண் முதலில் கண்டது.