திலகவதி கேட்ட டேப்லெட்

கபடி என்றால் திலகவதிக்கு உயிர். குறிஞ்சிப்பாடியில் படித்தபோது பள்ளிக்கூட அணிக்காக முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு ஆடியவள். இப்போது நெய்வேலி குவார்ட்டர்ஸில் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறாள். டிவியில் கபடி தொடங்கும் நேரத்தில் ரிமோட் அவள் புருஷன் ராஜாங்கத்தின் கையில் இருக்கும். பிடித்தால் உடும்புப்பிடி. மைன்ஸில் மாடாய் உழைத்துவிட்டு வந்த மனுஷன், செய்தி பார்க்கட்டுமே என்று அவளும் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

போனில் பார்த்தால் ஆட்டக்காரர்கள் எறும்பு மாதிரித் தெரிந்தார்கள். பெரிய திரையோடு ஒரு டேப்லெட் இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லாமல் பார்க்கலாமே என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு எழில்மதியிடம் மெல்லச் சொன்னாள்.

"கபடி பாக்கன்னு மட்டும் சொல்லிடாதக்கா! பிளவுஸ் தைக்கறியே, டிசைன் பாக்கணும், தொழிலுக்குன்னு சொல்லு. உடனே வாங்கித் தருவாரு."

அப்படியே சொன்னாள். சொல்லும்போதே நாக்குக் கூசியது.

"தொழிலுக்குன்னா சரி. சும்மா பொழுதுபோக்கன்னா நம்ம வூட்டுக்கு அது எதுக்கு?" என்று ராஜாங்கம் பெரிய மனசு பண்ணினார். அவர் தினமும் பார்க்கும் செய்தி எந்தத் தொழிலுக்காம்? கேட்கத்தான் ஆளில்லை!

ஞாயிற்றுக்கிழமை மந்தாரக்குப்பத்துக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வேலுமணி உள்ளதைச் சொல்லி விற்கிற ஆள். எதற்கு என்று கேட்டுக்கொண்டு ஒரு டேப்லெட்டை எடுத்து முன்னால் வைத்தார்.

"டிசைன் பாக்க மட்டும்னா அவங்க கையில இருக்கற போனே போதும் சார். படம், மேட்ச் பாக்கணும்னாதான் இது வேணும். நிம்மதியா உக்காந்து பாக்கலாம்."

"அப்ப வேணாங்க. வா திலகா, போலாம்."

திலகவதி டேப்லெட் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "பொய் சொல்லிட்டேங்க. கபடி பாக்கத்தான் கேட்டேன்."

"கபடியா? நம்ம வூட்லதான் டிவி இருக்குதே! கேட்டிருந்தா மாத்தி வுட்டிருப்பனே."

"நீங்க மாத்தி வுட்டாலும் நான் எங்க இருப்பேன்? தோசை ஊத்திகினு, பாத்திரம் கழுவிகினு இருப்பேன்." பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பாவம், அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. "அட, இத வாங்குனாலும் அதே கதிதான? உக்காந்து பாக்க எனக்கு நேரம் ஏதுங்க? வேணாம், வுடுங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டேப்லெட்டை வேலுமணி பக்கம் மெதுவாக நகர்த்தி வைத்தாள். ராஜாங்கம் யோசித்துப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவள் ஒரு சாயங்காலமாவது காலை நீட்டி உட்கார்ந்து பார்த்திருக்கிறோமா? ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பேக் பண்ணட்டுங்களா, வேணாங்களா?" என்று இழுத்தார் வேலுமணி.

"இன்னிக்கி வேணாங்க. மொதல்ல இவ உக்கார நேரம் வேணும்." மனைவி பக்கம் திரும்பினார். "ராத்திரி அடுப்படி இனிமே எம் பொறுப்பு. கருகுனாலும் தின்னுதான் ஆவணும். நீ டிவி முன்னால உக்காரு."

"வுடுங்க, கடையில வெச்சிகினு..." என்று கூசினாள் திலகவதி.

"இருக்கட்டும், கேக்கட்டும். எனக்கு ஷிப்ட் முடிஞ்சா ஓய்வு. உனக்கு எப்ப முடியுதுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. சம்பளம் வாங்கறவனுக்கு மட்டுந்தான் களைப்புன்னு நெனச்சிகினு இருந்துட்டேன். வூட்டுல ஒழைக்கறவளுக்கும் ஓய்வு உரிமைதான். அதுக்குப் போயி ஒரு பொம்பள பொய் சொல்ல வேண்டி வந்தா, தப்பு அந்த வூட்டு ஆம்பள மேலதான்!"