கெட்டிச் சுவர்

மேஸ்திரி லிசார்தோ கரண்டியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தபோது, ரோண்டா புதுச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். சத்தமே வரவில்லை. இரண்டடி தள்ளித் தட்டினாள். அங்கேயும் இல்லை. ஜிப்சம் அட்டைச் சுவர் என்றால் டொக்கென்று உள்ளே வெற்றிடம் கேட்க வேண்டும். அந்தச் சத்தத்தோடு ஒஹாயோவில் நாற்பத்தோரு வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அது தெரியாதா?

என்ன சுவர் இது என்று கேட்டாள். மேஸ்திரிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"செங்கல்லுங்கம்மா. நீங்க கேட்ட அட்டை ஒரு குத்துக்குத் தாங்காது. எவனோ உங்க தலையில கட்டப் பாத்திருக்கான். வயசான காலத்துல இவ்ளோ தூரம் வந்து வீடு வாங்கியிருக்கீங்க, உங்களுக்கு அட்டைய வச்சுக் குடுத்தா என் கை வெளங்குமா? காசு அதே காசுதான்."

ரோண்டா பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஒரு குத்துக்குத் தாங்காது என்பதற்காகத்தான் அவள் அட்டையைக் கேட்டிருந்தாள். வசிப்பு அனுமதிக்காக ஒரு வாரம் தலைநகர் கீத்தோவுக்குப் போய் வருவதற்குள், கூடத்தைத் தடுத்து இந்த நல்ல மனுஷன் கோட்டை கட்டி வைத்திருக்கிறான். நல்ல மனசுக்காரர்கள் செய்கிற கெடுதலுக்கு யாரிடம் போய் முறையிடுவது?

அவள் புருஷன் வெண்டல் சுவரைக் குத்துகிறவன். கோபம் வந்தால் பக்கத்துச் சுவரில் முஷ்டி இறங்கும், அட்டை பொத்துக்கொள்ளும், ஆள் அடங்கிவிடுவான். அரை மணி நேரத்தில் முட்டை பொரித்துத் தரச் சொல்லி வந்து நிற்பான். ரோண்டா ஓட்டைக்கு மேல் ஒரு படத்தை மாட்டுவாள். ஏழு படங்கள். ஏரிக்கரைப் படம் முழங்கால் உயரத்தில் இருந்தது, அது உதை. குழந்தைகள் பார்க்க மாட்டினாயா என்று விருந்தாளிகள் கேலி செய்வார்கள். ஆகப் பெரியது கல்யாணப் படம். அது அவள் முகத்தின் உயரத்தில் இருந்தது. அன்று அவள் குனியாமல் இருந்திருந்தால் ஓட்டை சுவரில் விழுந்திருக்காது.

சுவர் வாங்கிக்கொண்டதெல்லாம் தனக்கு மிச்சம் என்றுதான் அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இந்தக் குவெங்கா ஊருக்கு வந்து முதலில் இறங்கிய வாடகை வீட்டில் அந்தக் கணக்கு பொய்த்தது. அங்கே செங்கல் சுவர். வெண்டல் குத்தினான், தோல் உரிந்தது, சுவர் அப்படியே நின்றது. ஏமாற்றப்பட்டவன் மாதிரி கையைப் பார்த்தான். பிறகு திரும்பி அவளைப் பார்த்தான். ஆற்றங்கரைப் படியில் விழுந்துவிட்டேன் என்று பல் டாக்டரிடம் சொன்னாள். இரண்டு பல் போயிற்று.

"மேஸ்திரி, இத இன்னைக்கே இடிச்சிர முடியுமா?"

லிசார்தோவின் சிரிப்பு நின்றது. "என்ன கொறைம்மா?"

ஒரு குறையும் இல்லை. சுவரைத் தடவிப் பார்த்தாள், கண்ணாடி போல வழுவழுவென்று இருந்தது. இடிக்கச் சொல்லும் காரணத்தை எந்த மொழியில் அவருக்கு விளக்குவது? மனத்தாங்கலை மறைத்துக்கொண்டு அவர் மூலையில், ஒஹாயோவிலிருந்து வந்த ஏழு படங்களும் இருந்த பெட்டியைக் காட்டினார். இந்தச் சுவரில் ஆணி இறங்காதாம், வளைந்துவிடுமாம். சாப்பிட்டுவிட்டு டிரில்லோடு வந்து எல்லாப் படத்தையும் தானே மாட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் இறங்கிய லிஃப்ட்டிலேயே பிரிட்ஜ் ஏறி வந்தது. இரண்டு சுமைகாரர்கள், பின்னால் வெண்டல். இந்த ஊரில் வீட்டை வெறும் கூடாகத்தான் விற்பார்கள், பழைய சொந்தக்காரர் பல்பு ஹோல்டரைக்கூட விட்டு வைக்கவில்லை. ஒவ்வொன்றாக வாங்கி மூன்று மாதமாக வெண்டல் முறுகிக்கொண்டிருந்தான். பிரிட்ஜுக்கான இடத்தை அளந்தவன் அவன்தான். இன்னொரு தரம் அளக்கலாமே என்று அவள் ஒரே ஒரு முறை சொல்லியிருந்தாள்.

இரண்டு விரற்கடை போதவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினான், அலமாரிப் பலகை பிளந்தது. போகாதுங்க சார் என்ற சுமைகாரனின் சட்டையைப் பிடித்து, அவனையும் மற்றவனையும் வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவை அறைந்து சாத்தினான். பிரிட்ஜின் கதவில் எட்டி உதைத்தான். உள்ளேயிருந்த கண்ணாடித் தட்டுகளை உருவி ஒவ்வொன்றாகத் தரையில் போட்டு உடைத்தான். ரோண்டா வாயே திறக்கவில்லை. அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

"சொல்லுடி. அப்பவே சொன்னேன்னு சொல்லேன்." முஷ்டியை மடக்கிக்கொண்டு புதுச் சுவர் பக்கம் திரும்பினான்.

"வெண்டல், அந்தச் சுவரு வேண்டாம்" என்றாள். "அது செங்கல்லு."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. முழு உடம்பையும் சேர்த்துக் குத்தினான். காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. சுவர் அப்படியே நின்றது. நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும். கை மணிக்கட்டில் கோணலாகத் தொங்கியது. அவன் கையைப் பார்த்தான். பிறகு திரும்பி அவளைப் பார்த்தான்.

அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். நல்ல கையால் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். மூலையில் விழுந்தவளின் கைக்குக் கிடைத்தது ஏரிக்கரைப் படம். சட்டத்தின் முனையால் அவன் முழங்காலில் அடித்தாள். அவன் விட்டான். அவள் விடவில்லை. எழுந்து நின்று அதையே அவன் தோளில் இறக்கினாள், கண்ணாடி சிதறியது. இரண்டாவதை அவன் தலைக்குப் பக்கத்தில் சுவரில் அறைந்தாள். மூன்றாவது, நான்காவது. அவளுக்குப் பயமாக இல்லை, வெறியாக இருந்தது, அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. சுவரோரம் சறுக்கி உட்கார்ந்தவன் மேல் நாற்பத்தோரு வருஷமும் தூள்தூளாகக் கொட்டியது. ஆறாவது உடைந்தபோது வெண்டல் இடது கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். முழங்கை வெளியே, உள்ளங்கை கண்ணுக்கு மேல். அவள் மறைத்துக்கொள்வாளே, அதே மாதிரி.

"ரோண்டா, போதும்" என்றான்.

ஏழாவது கல்யாணப் படம். கனமானது. இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள்.

அழைப்பு மணி அடித்தது. கதவுக்கு வெளியே மேஸ்திரியின் குரல்.

"அம்மா, டிரில்லு கொண்டாந்திருக்கேன். படமெல்லாம் எங்கெங்க மாட்டணும்னு சொல்லுங்க."

தூக்கிய கைகள் தூக்கியபடியே இருந்தன. விரலிடுக்கு வழியாக வெண்டல் மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.