பத்தொன்பது இஞ்ச்

ஜெயபிரியா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து முன்சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டாள். சுற்றுகிற சுற்றிலேயே பிரேக்கை அழுத்தினாள். சக்கரம் நிற்கவில்லை. லேசாகத் தயங்கிவிட்டு அதுபாட்டுக்குச் சுற்றியது. இன்னொரு தடவை சுற்றினாள், இன்னொரு தடவை அழுத்தினாள். அதே கதை. பின்சக்கரமும் அப்படித்தான்.

“மாட்டுனியாலே மூதி” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

வைதது சைக்கிளை அல்ல, அதை விற்ற கோமதிசங்கரை. தென்காசியில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் பெரிய சைக்கிள் ஷோரூம் வைத்திருப்பவன். கேதத்துக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தான். வரட்டும். அவன் வரவேண்டும் என்று அந்த வீட்டில் அவளைப்போல் ஏங்கியவர்கள் யாரும் இல்லை.

வீட்டுக்கு முன்னால் சாமியானாவுக்குக் கீழே ஐஸ் பெட்டிக்குள் அவள் தம்பி மணிமுத்து கிடந்தான். குற்றாலத்தில் ஐந்தருவிப் பாதையில் இருக்கும் ஒரு லாட்ஜில் வரவேற்பில் வேலை. நேற்றுக் காலை நைட் டூட்டி முடிந்து மேலகரத்துக்கு வீடு திரும்பும்போது, சாரலில் நனைந்த இறக்கத்தில் சைக்கிள் நிற்காமல் போய்ப் பாலத்துச் சுவரில் மோதிவிட்டான். போலீஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். யார்மேலும் தப்பில்லை, தானாக விழுந்தது என்று எழுதிக்கொண்டு, சைக்கிளை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். தானாக விழுந்ததாம்! பிரேக் பிடிக்காத சைக்கிளில் போனவன் எப்படித் தானாக விழுவான்? தள்ளிவிட்ட கை ஒன்று இருக்குமல்லவா?

சுரண்டையில் அவளும் புருஷனும் சைக்கிள் கடை வைத்திருக்கிறார்கள். வியாபாரம் அவன் பார்த்துக்கொள்வான், கையில் கிரீஸ் படுகிற வேலையெல்லாம் அவளுக்கு. கியர் சைக்கிள் வாங்கப்போகிறேன் என்று மணிமுத்து வந்து நின்றபோது, கவட்டிலிருந்து குதிகால்வரை டேப் பிடித்து அளந்தவள் அவள்தான். “ஏலே, நீ குட்டப்பய. பதினாறு இஞ்ச் பிரேமுக்கு மேல தொடாத. கடைக்காரன் என்ன சொன்னாலும் கேக்காத. சட்டுனு நிறுத்தினா கால் தரையில ஊனணும், அதான் முக்கியம்” என்று படித்துப் படித்துச் சொன்னாள். அந்த ரகம் அவள் கடையில் கிடையாது. தென்காசிக்குப் போனான்.

கோமதிசங்கர் பத்தொன்பது இஞ்சை அவன் தலையில் கட்டிவிட்டான். நெட்டை ஆளுக்கான பிரேம். வாங்க ஆளில்லாமல் மூலையில் தூசி பிடித்து நின்றது. சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, பெரிய பிரேம்தான் சார் கம்பீரம் என்று சொல்லியிருக்கிறான். கம்பீரம்! இந்தக் கோட்டிக்காரனும் பல்லைக் காட்டிக்கொண்டு ஓட்டிவந்துவிட்டான். அந்த இறக்கத்தில் கால் எட்டியிருந்தால் ஊன்றிச் சாய்ந்திருப்பான். முட்டி உரிந்திருக்கும். முட்டிதான் உரிந்திருக்கும்.

ஆனால் பிரேம் அளவுக்காக ஒருவனை ஊர் முன்னால் செருப்பால் அடிக்கமுடியாது. ஊருக்கு அது விளங்காது. பிரேக் என்றால் பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும். அதற்காகத்தான் விடிந்ததிலிருந்து அவள் பெட்டி பக்கம்கூடப் போகாமல், கொல்லையில் சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மணிமுத்துவோடு லாட்ஜில் வேலைபார்க்கும் பிரின்ஸிடம் சொல்லிவைத்தாயிற்று. “அவன் உள்ள வந்ததும் நீ தெருவ மறிச்சு நில்லு. சைக்கிள அவன் முன்னால போட்டு, பிரேக்கப் புடிச்சுக் காட்டுலேன்னு கேக்கேன். அதுக்கப்புறம் உன் இஷ்டம்” என்று. பிரின்ஸ் அப்போதே சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டான்.

எது கோளாறு என்று சொல்லத் தெரிய வேண்டுமே. இல்லாவிட்டால் அவன் வாயாலேயே தப்பித்துவிடுவான். லீவரிலிருந்து தொடங்கினாள். ஆட்டம் இல்லை. கேபிளை உருவிப் பார்த்தாள். ஒரு இழை அறுந்திருக்கவில்லை, துரு இல்லை. சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் தகட்டைக் கவ்வுகிற பிடி நேராக இருந்தது, போல்ட் எல்லாம் இறுக்கம். பிடிக்குள்ளிருந்து தகட்டை அழுத்துகிற பேட் இரண்டையும் கழற்றினாள். தேய்மானமே இல்லை, புதுசுபோல் தடிமனாக இருந்தன. ஒரு தப்பையும் காணோம். ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவளுக்கு ஆத்திரம் கூடியது. எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய் நாயே?

அப்போதுதான் பேட்டின் முகத்தைப் பார்த்தாள். சொரசொரவென்று இருக்கவேண்டியது கண்ணாடிபோல் மினுங்கியது. டிஸ்க்கில் விரல் வைத்தாள். வழுக்கியது. சாரல் தண்ணீர் இப்படி வழுக்காது. விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

கருஞ்சீரகம். சுக்கு. வேப்பங்கொழுந்தைப் போட்டு முறுகவிட்ட நல்லெண்ணெயின் கசப்பு.

இந்த வாசனை உலகத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் உண்டு. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்ட வாசனை. அவள் அப்பா இசக்கியப்பன் குற்றாலம் பேரருவிக் கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். எண்ணெயைக் கடையில் வாங்கமாட்டார். தன் கையால் காய்ச்சுவார்.

நேற்று ராத்திரி தம்பி பெண்டாட்டி நிர்மலா அழுகைக்கு நடுவில் சொன்னது நினைவுக்கு வந்தது. “பிரேக்கு கீச்சுகீச்சுனு கத்துதுன்னு ரெண்டு தடவ ஷோரூமுக்குப் போனாவ மைனி. போகப்போகச் சரியாயிரும்னு அனுப்பிட்டான் அந்த ஆளு. அப்புறம் நேத்து டூட்டிக்குக் கெளம்பும்போது சத்தம் தானா நின்னுபோச்சு.”

தானாக நிற்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த சைக்கிளில் எது கத்தினாலும் மருந்து ஒன்றுதான், நாலு சொட்டு எண்ணெய். அவள் கடைக்கு வருகிற பழைய சைக்கிளுக்கு அவளே அதைத்தான் செய்வாள். ஆனால் இந்த டிஸ்க் தகட்டுக்கு எண்ணெய் ஆகாது. ஒரு சொட்டுப் பட்டாலும் பேட் குடித்துவிடும். சத்தம் நின்றுவிடும், பிரேக்கும் நின்றுவிடும். அவருக்கு அது எப்படித் தெரியும்? தூக்கம் கெட்டு வேலைபார்த்துவிட்டு வருகிற மகனின் சைக்கிள் கத்துகிறதே என்று, அவனிடம்கூடச் சொல்லாமல் எண்ணெய் விட்டிருப்பார்.

முந்தானையால் டிஸ்க்கைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வாசனைதான் அதிகமானது.

“கண்டுபுடிச்சியா தாயி?”

இசக்கியப்பன் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். “பிரேக்குதான் யப்பா.”

“அந்தப் பய குடுத்ததுதானே?”

“ஆமா.”

“அவன விடாத தாயி. எம்புள்ளயக் கொன்னவன் மாலையும் கையுமா வந்து நின்னு பாத்துட்டுப் போயிருவானா? விட்டுராத.” சொல்லிவிட்டு அவர் முன்பக்கம் போனார்.

கேபிளையும் பேட்டுகளையும் திரும்ப மாட்டினாள். சைக்கிளை எங்கேயாவது மறைத்துவிடலாம் என்று அவள் நிமிர்த்துவதற்குள் தெருவில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிரின்ஸ் உள்ளே பாய்ந்து வந்தான். “யக்கா, வந்துட்டான்! குடுங்க இத.” வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். என்ன காரணம் சொல்வது? காலையிலிருந்து அவனைத் தூண்டிவிட்டவளே அவள்தான். பிரின்ஸ் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவள் பின்னாலேயே ஓடினாள்.

கோமதிசங்கர் ரோஜா மாலையைப் பெட்டிமேல் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது சைக்கிள் அவன் காலடியில் வந்து விழுந்தது. கொட்டு நின்றது. சேரில் இருந்தவர்கள் எழுந்தார்கள்.

“பிரேக்கப் புடிச்சுக் காட்டுய்யா” என்றான் பிரின்ஸ்.

கோமதிசங்கர் பயப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. “எல்லாரும் என்னென்னமோ பேசுதிய. எத்தன வண்டி குடுத்திருக்கேன், என் வண்டியில கோளாறு கெடையாது” என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தொழில் தெரிந்தவன். அவள் எந்த வரிசையில் பார்த்தாளோ அதே வரிசையில் லீவர், கேபிள் என்று வந்தான். டிஸ்க்கைத் தொட்டான். விரலை மூக்கில் வைத்தான். முகம் தெளிந்துவிட்டது.

“இதுல யாரோ எண்ண—”

ஜெயபிரியா விட்ட அறையில் அவன் மல்லாந்து விழுந்தான். பெண்கள் கத்தினார்கள். அவள் குனிந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து முகத்தருகே இழுத்தாள்.

“உனக்குத் தெரியும்லா?” என்றான் அவன், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு என்ன அடிச்ச?”

“பத்தொன்பது இஞ்சுக்கு. கத்துதுன்னு ரெண்டு தடவ வந்தவனத் தொரத்துனியே, அதுக்கு.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “எண்ண யார் வீட்டு எண்ணன்னு உனக்கே தெரியும். நீயும் அவருகிட்ட தேச்சுக் குளிச்சவன்தான். அந்தா நிக்காரு. சொல்லு. பெத்த புள்ளய நீருதான் கொன்னீருன்னு சொல்லிட்டு, மானத்தோட கார்ல ஏறிப் போ. நான் தடுக்கல.”

சட்டையை விட்டாள். பொய்யில்லை, அவள் அப்போது தடுத்திருக்கமாட்டாள்.

இசக்கியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எழுபது வயது. ஆனால் ஆயுசு முழுக்க ஆட்களைப் பிசைந்த கை. கோமதிசங்கரின் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கி நிறுத்தி உலுக்கினார். “ஏன்யா இப்படிப் பண்ணுன? என்ன பாவம்யா செஞ்சோம் உனக்கு? சொல்லுய்யா!”

கோமதிசங்கர் அவர் கையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கன்னத்தில் அவளுடைய ஐந்து விரலும் எண்ணெயாகப் பளபளத்தன. துடைக்கவில்லை.

“தப்புத்தான் அண்ணாச்சி” என்றான். “என்னய மன்னிச்சிருங்க.”

அதற்குமேல் பிரின்ஸும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டார்கள். சட்டை கிழிய, ஒற்றைச் செருப்போடு அவன் காரில் ஏறியதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. இனி தென்காசி வட்டாரத்தில் யாரும் அவன் கடை வாசலை மிதிக்கமாட்டார்கள். அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்த ஆள் சண்டை போட்டிருக்கலாம், கூச்சல் போட்டிருக்கலாம் என்று அவளுக்கு வயிறு எரிந்தது. போயும் போயும் அவனுக்கு நன்றிக்கடன் பட்டுவிட்டாளே. அதற்காகவே அவனை இன்னொரு அறை அறையவேண்டும்போல் இருந்தது.

“எண்ண வைக்கறவங்க எல்லாரும் வாங்க” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

பெட்டியிலிருந்து எடுத்து மணிமுத்துவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரித் துணி சுற்றியிருந்தது. நெற்றியும் பாதமும்தான் வெளியே தெரிந்தன. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து புறங்கையால் எண்ணெயை நெற்றியில் தொட்டுவைத்து விலகினார்கள். எண்ணெய்க் கிண்ணத்தை ஜெயபிரியாவின் கையில் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் அதற்கு எண்ணெய் வெளியில் வாங்கவா செய்வார்கள்?

இசக்கியப்பன் நெற்றிக்குப் போகவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து, மகனின் வலது பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“இதே எண்ணதான் தாயி” என்றார். “ரெண்டு நாளைக்கு முன்னால அந்தச் சைக்கிளுக்கு நான் என் கையால விட்டேன். கத்துச்சுல்லா, பாவம்னு. ரெண்டு சக்கரத் தகட்டுலயும் நல்லாத் தடவிவிட்டேன். சத்தம் கப்புனு நின்னுது. நான் அவ்வளவு பக்குவம் பண்ணியும், அப்பவும் அந்தப் பய பிரேக்கு எம்புள்ளயக் காப்பாத்தலியே.”

சொன்னது எல்லோருக்கும் கேட்டது. பிரின்ஸ் ஏதோ கேட்க நினைத்தவன்போல் ஜெயபிரியாவைப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் குனிந்துகொண்டான்.

“நீங்க சரியாத்தான் செஞ்சிய யப்பா” என்றாள்.

அவர் தலையாட்டினார். குதிகாலை ஒரு கையில் தாங்கி, பெருவிரலிலிருந்து ஒவ்வொரு விரலிடுக்காகத் தேய்க்க ஆரம்பித்தார். அருவிக்கரையில் ஆளுக்கு ஆள் தேய்க்கிற அதே அழுத்தம், அதே நிதானம். பாதம் விறைத்திருந்தது, மடங்கவில்லை. நேரமாகிறது என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

“லூசா விடுய்யா” என்றார் மகனிடம். “கால லூசா விடு.”

பிறகு கையை அவள் பக்கம் நீட்டினார். ஜெயபிரியா கிண்ணத்தைச் சாய்த்து அவர் உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள்.