இலையை மறைத்த கை

1

இது கட்டுரையாகத்தான் கிளம்பியது. சூரியகாந்திக் குடும்பத்தில் மஞ்சளாகப் பூத்து, ஒரு பருவத்தோடு செத்துப்போகாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கிற காட்டுச் செடிகளை அடையாளம் காண்பது எப்படி என்று, யாருக்கும் தீங்கில்லாத ஒரு கட்டுரை. அதற்காகக் கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணை வாய்க்கால் ஓரமாகக் கைப்பேசியும் கையுமாகக் குனிந்து திரிந்தேன். அங்கே ஒரு பெண் மஞ்சள் பூச்செடியைக் கீரை கிள்ளுவதுபோலக் கிள்ளிக்கொண்டிருந்தார். "இது இன்னா செடிங்க?" என்று கேட்டேன். முறைத்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, மறுபடியும் கேட்டேன். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து, எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூ இருந்தது. இலை இருக்க வேண்டிய இடத்தில் அவர் கை இருந்தது. கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

(அவர் யார், யாருக்காகப் பறித்தார் என்று எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.)

2

பொன்னிறப் பூக்கள் காலை வெயிலில் சிரித்துக்கொண்டிருந்த—

[வேண்டாம். பூ எதற்குச் சிரிக்கிறது? இங்கே ஒரு மனுஷன் கண்ணெல்லாம் மஞ்சளாகி, சுருண்டு படுத்திருக்கிறான்.]

அந்த மனுஷன் தங்கதுரை. கச்சிராயபாளையத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். அவன் மனைவி அருள்மொழி, கரும்பு வெட்டக் கூலிக்குப் போகிறவள். காமாலைக்கு அந்தப் பக்கத்தில் மருந்து கொடுக்கிறவள் ஆண்டாள். அருள்மொழி மருந்து கேட்டுப் போன அன்று பார்த்து, ஆண்டாள் நூறு நாள் வேலையில் கால் பிசகி, கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்னால எறங்கி வர முடியாது அருளு. நீயே பறிச்சிக்கினு வூட்டுக்குப் போயிடு. வாய்க்கா ஓரத்துல தரையோட படர்ந்து கெடக்கும், மஞ்சப் பூ. அரைச்சி மோருல கலக்கி, வெறும் வயித்துல குடு. உப்பு ஆகாது."

"சரிக்கா."

"பறிக்கும்போது யார் கேட்டாலும் பேசாத. இன்னா இலைன்னு ஒருத்தர்கிட்டயும் வாயால சொல்லாத. சொன்னா பலிக்காது."

[அந்தச் செடியின் பெயர் எனக்குத் தெரியும். உங்களில் சிலரும் ஊகித்திருப்பீர்கள். எழுத மாட்டேன். அவள் பறித்தது சரியான இலையாகவே இருந்து, நான் பெயரை எழுதியதால் பலிக்காமல் போனால்? எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எழுத மாட்டேன்.]

3

இந்த இடத்தில் கட்டுரை கொஞ்சம் தலையை நீட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், கதைக்கு வேண்டியிருக்கிறது.

வாய்க்கால் ஓரத்தில் அந்த மஞ்சள் பூ இரண்டு செடிகளில் பூக்கிறது. ஒன்று ஊர்ச்செடி. மற்றது அழகுக்காக எங்கிருந்தோ கொண்டுவந்து பூங்காக்களில் வைத்தது. வேலி தாண்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பரவிவிட்டது. இரண்டும் தரையில் படரும். இரண்டும் கணுவுக்குக் கணு வேர் விடும். பூவை வைத்து என்னால் பிரிக்க முடியவில்லை.* இலையைத்தான் பார்க்க வேண்டும். ஊர்ச்செடியின் இலை நீளம், ஒடுக்கம். வந்த செடியின் இலை பளபளப்பாக இருக்கும். நுனிக்குக் கீழே இரண்டு பக்கமும் தோள்பட்டை போலப் புடைத்திருக்கும்.

ஆண்டாள் சொன்னது பூவை. அருள்மொழி பார்த்ததும் பூவை. சந்தேகம் வந்தபோது பக்கத்தில் ஓர் ஆள் நின்றிருந்தும் அவளால் கேட்க முடியவில்லை. கேட்டிருந்தாலும் பயனில்லை. அந்த ஆள் நான்தான். எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

* அது ஒரு பூவே அல்ல. நாம் இதழ் என்று நினைக்கிற ஒவ்வொன்றும் ஒரு பூ. நடுவில் இருப்பது குட்டிப் பூக்களின் கூட்டம். கட்டுரையில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். இப்போது இது யாருக்கு வேண்டும்?

4

அருள்மொழி அரைத்துக் கொடுத்ததைக் குடித்த மறுநாளே தங்கதுரை வாந்தியெடுக்கத் தொடங்கினான். கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் ரம்யாவின் முதல் கேள்வி, "குடிச்சாரா?" என்பதுதான். கள்ளச்சாராயத்துக்குக் கொத்துக்கொத்தாக ஆட்களைப் பறிகொடுத்த இந்த ஊரில் அந்தக் கேள்விக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"இல்லீங்க. அவரு அந்தப் பக்கமே போறதில்லீங்க."

"நாட்டு மருந்து ஏதாவது?"

அருள்மொழி கொண்டுவந்திருந்த கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஈரல் ஏற்கெனவே வீங்கியிருக்கும்மா. உள்ள என்ன போச்சுன்னு தெரிஞ்சாத்தான் மேல என்ன செய்யறதுன்னு பார்க்க முடியும். நான் திட்ட மாட்டேன். சொல்லுங்க."

அவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். பறித்தது சரியான இலை என்றால், இந்த வாந்தி மருந்து வேலை செய்கிற வாந்தி. உள்ளே இருக்கிற பித்தமெல்லாம் வெளியே வருகிறது. வாயைத் திறந்தால் பாதியில் நின்றுவிடும். தப்பான இலை என்றால், அவள் வாயை மூடியிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவனைத் தின்கிறது. முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. ஆண்டாளக்கா மேல் கோபம் வந்தது. ஆனால் அவளா பறித்தாள்? இந்தக் கைதானே பறித்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் முனகுவது கேட்டது. "அருளு... தண்ணி."

"சொல்லும்மா," என்றார் டாக்டர். இந்த முறை குரலில் பொறுமை கம்மி.

5

இங்கே மாட்டிக்கொண்டேன். ஒரு தாவரவியல் பேராசிரியரைக் கதைக்குள் கூட்டிவந்தேன். சேலத்துக்காரர், கண்ணாடி போட்டவர், நல்ல மனிதர். வந்த வேகத்தில் மூன்றே வரியில் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார். கதையில் அருள்மொழிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அவரைச் சின்னசேலத்தில் ரயிலேற்றி அனுப்பிவிட்டேன்.

முடிவு ஒன்று: இலை சரியானதுதான். வாந்தி நின்றது. தங்கதுரை எழுந்து உட்கார்ந்து, உப்புப் போட்ட கஞ்சி கேட்டு—

[இவ்வளவு லேசாகவா?]

முடிவு இரண்டு: டாக்டர் வெளியே வந்து, அருள்மொழியின் தோளில் கை—

[மாட்டேன்.]

என் பேனா அந்த இலையின் ஓரத்தில் இரண்டு புடைப்பு வரைந்தால் அவள் தாலி போகலாம். வரையாவிட்டால் அவன் பிழைக்கலாம். இந்த அதிகாரத்தை எனக்கு எவன் கொடுத்தான்? எரிச்சலாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பயமாகவும் இருந்தது. பேனாவை மூடிவைத்தேன்.

6

அருள்மொழி எனக்காகக் காத்திருக்கவில்லை.

கூடைக்குள் கைவிட்டு ஈரத்துணி மூட்டை ஒன்றை எடுத்தாள். அடுத்த வேளைக்கு அரைக்க என்று மிச்சம் வைத்திருந்தது. அதை டாக்டரின் மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

"வாயால சொல்லக் கூடாதுன்னாங்க. காட்டக் கூடாதுன்னு சொல்லலீங்க."

டாக்டர் குனிந்து பார்த்தார். பூ இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. இலைகள் வதங்கிச் சுருண்டிருந்தன.

"யார் பறிச்சது?"

"நான்தாங்க." அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. "பாத்துப் பறிச்சனா, பாக்காம பறிச்சனான்னு எனக்கே தெரியலீங்க."

"சரி, அழாதீங்க. தெரிஞ்சவங்களுக்குப் போட்டோ எடுத்து அனுப்பறேன். ஒரு இலையை விரிச்சுப் பிடிங்க."

அவள் ஓர் இலையை எடுத்து மேசையில் வைத்து, விரலால் நீவி விரித்தாள். விரித்தவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். டாக்டர் கைப்பேசியோடு காத்திருக்கிறார். கை நகரவில்லை. என் படத்தில் இலையை மறைத்திருந்ததும் இப்படி ஒரு கைதான். அன்றைக்கு அது மருந்துக்காக மறைத்தது. இன்றைக்குப் பயத்தில் மறைக்கிறது.

உள்ளே அவன் மறுபடியும் தண்ணி கேட்கிறான்.

அந்தக் கையை எடுக்க அவளுக்குத் தெம்பில்லை. எனக்கும் இல்லை. உங்களுக்கு இப்போது பார்க்கத் தெரியும்: நீளமா, தோள் புடைத்திருக்கிறதா, அவ்வளவுதான். நீங்கள் எடுங்கள். மெதுவாக, அவள் விரல் நோகாமல். பார்த்ததை டாக்டருக்குக் காட்டுங்கள்.

பெயரை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள்.